அலுமாரிக்கு வெளியே ட்ரிம்மர் சத்தம்

இது கதை இல்லை. நடந்தது. நாள், கிழமை, மணி எல்லாம் எனக்கு மனப்பாடம். 1983 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. சிங்களக் கும்பல்கள் தமிழர்களை வெட்டியும் எரித்தும் திரிந்த ஜூலைக் கலவரம். அன்று கண்டியில் இருந்த தமிழர்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னாலே போதும், மேலே கேட்க மாட்டார்கள். பேய் என்றால் நடு இரவு, பாழடைந்த வீடு, நாய் ஊளை என்று எதிர்பார்க்கிறவர்கள் மன்னிக்கவும். எனக்கு இது நடந்தது பட்டப்பகலில், மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு.

என் பெயர் ராஜலிங்கம். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். மலையில் ஏறி இறங்க மனசில்லாமல் தச்சு வேலை பழகி, கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் ஹாஷிம் முதலாளியின் தளபாடப் பட்டறையில் ஏழு வருடம் வேலை செய்தேன். சின்ன வயதில் முனியாண்டிக்குப் படைத்த சாராயத்தை இருட்டில் தனியாகப் போய் எடுத்துக் குடித்தவன் நான். பேய்க்குப் பயப்படும் ஆள் இல்லை. இதையும் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

பட்டறையில் என்னிடம் ஒரு ட்ரிம்மர் இருந்தது. அது என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வினியர் என்ற மெல்லிய மரத்தோல் ஒட்டிய பலகையை அறுத்தால் உள்ளே இருக்கும் தூள்பலகை ஓரத்தில் அசிங்கமாகத் தெரியும். அதை மறைக்க ஒரு மெல்லிய பட்டியை இஸ்திரிப்பெட்டியால் சூடாக்கி ஒட்டுவோம். பட்டி பலகையை விடக் கொஞ்சம் அகலம். இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்பதைச் சீவி எடுக்கத்தான் ட்ரிம்மர். கைக்குள் அடங்கும் சாமான். உள்ளே இரண்டு பக்கமும் பிளேட். ஓரத்தில் வைத்து அமுக்கி இழுத்தால், சர்ர்ர்... என்று சுருள் சுருளாக விழும்.

முதலாளியின் மச்சான் குவைத்தில் இருந்து கொண்டு வந்து கொடுத்தது. நான் யாரையும் அதைத் தொட விட மாட்டேன். எனக்கென்று ஒரு பழக்கமும் இருந்தது. மூன்று தரம் இழுப்பேன், பிறகு குனிந்து தூசியை ஊதுவேன்.

"என்ன லிங்கம், உந்தச் சாமானைத் தலைமாட்டிலை வைச்சுக்கொண்டோ படுக்கிறனி?" என்று தம்பிராஜா அண்ணன் என்னைச் சீண்டுவார். யாழ்ப்பாணத்துக்காரர். அளவெடுப்பதும் பலகை அறுப்பதும் அவர் வேலை. பட்டி ஒட்டி ஓரம் சீவுவது என் வேலை. எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. இருந்திருந்தாலும் இவ்வளவு பிரியமாக இருந்திருப்பாரா என்று தெரியாது. அவர் மனைவி கமலாசனி அக்காவுக்கு அப்போது எட்டு மாதம். கண்டிக்கு அந்தப் பக்கம் அம்பிட்டியவில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள்.

அன்று பதினொன்றரைக்கெல்லாம் கண்டி டவுன் பக்கம் கறுப்புப் புகை எழும்பியது. தமிழ்க் கடைகள் எரிகின்றன என்று செய்தி வந்தது. தம்பிராஜா அண்ணன் கையில் இருந்த பென்சிலைப் போட்டுவிட்டுச் செருப்பைத் தேடினார்.

"அவள் தனிய நிக்கிறாள். நான் போறன்."

ஹாஷிம் முதலாளி வாசலை மறித்தார். "ரோட்டுல லொறி லொறியா நிக்கிறானுகள். ஒன்னய வெட்டிப் போட்டுருவானுகள். நான் வேன எடுத்துட்டுப் போய் கூட்டிட்டு வாறேன். நீங்க ரெண்டு பேரும் சத்தம் போடாம உள்ள ஈங்க."

அண்ணன் கேட்கவில்லை. நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, நீங்க போனா அக்காவுக்கு யாரு இருக்கா? மொதலாளி முஸ்லிம் ஆளு, அவர் போனா ஒண்ணும் செய்ய மாட்டாங்க. இருங்க அண்ணே." கெஞ்சித்தான் நிறுத்தினேன். அந்தக் கையை நான் விட்டிருக்க வேண்டும்.

பட்டறையில் ஒரு கல்யாண வீட்டுக்குச் செய்த இரண்டு பெரிய அலுமாரிகள் நின்றன. கதவு போட்டாயிற்று, தட்டுகள் இன்னும் போடவில்லை. ஓர் ஆள் குந்தி உட்காரலாம். இடது மூலையில் இருந்ததில் அண்ணன். வலது பக்கம் இருந்ததில் நான். ஒரு தட்டு தட்டினால் 'நான் இருக்கிறேன்' என்று அர்த்தம். வேறு சத்தம் கூடாது. எதிரே முற்றத்துக்கு அப்பால் முதலாளியின் வீடு. மேல்மாடி ஜன்னலில் நின்றால் பட்டறைக்குள் நன்றாகத் தெரியும். அவர் மனைவி கைரியா தாத்தா அங்கே நின்று பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

முதலாளி மெயின் சுவிட்சை அணைத்தார். பட்டறைக் கதவைச் சாத்தினால் சந்தேகம் வரும் என்று திறந்தபடியே விட்டார். வேன் புறப்பட்டபோது மணி 1.15.

அலுமாரிக் கதவுகளுக்கு நான் இன்னும் பட்டி ஒட்டவில்லை. அதனால் இரண்டு கதவுக்கும் நடுவே மேலிருந்து கீழ் வரை ஒரு இடைவெளி. நூல் கனம்தான். அதன் வழியாக வெளிச்சம் கோடாக விழுந்தது. அந்தக் கோட்டில் கைக்கடிகாரத்தைப் பிடித்து மணி பார்த்தேன். 1.40. 1.55. தூரத்தில் கூச்சல். கண்ணாடி உடையும் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. பகலில் கட்டுகஸ்தோட்டை அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பக்கத்துப் பாலத்தில் ஒரு பஸ் கூடப் போகவில்லை.

2.17க்கு அந்தச் சத்தம் கேட்டது.

சர்ர்ர்...

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அண்ணன் வெளியே வந்துவிட்டார், மனக்கஷ்டம் தாங்காமல் ஏதோ வேலையில் இறங்கிவிட்டார் என்று நினைத்தேன். அதுவும் என் ட்ரிம்மரை எடுத்திருக்கிறார்.

சர்ர்ர்... சர்ர்ர்...

"அண்ணே!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டேன். "என்ன வேல செய்றீங்க? உள்ள போங்க!"

சத்தம் நின்றது.

இடது மூலையில் இருந்து பதில் வந்தது. டொக். ஒரே ஒரு தட்டு.

அண்ணன் அலுமாரிக்குள் இருந்தார்.

அப்படியானால் வெளியே யார்?

சர்ர்ர்... சர்ர்ர்... சர்ர்ர்... பிறகு வாயால் ஊதும் சத்தம். ப்பூ...

கோட்டில் கண்ணை வைத்துப் பார்த்தேன். மரத்தூள் கிடந்த தரை தெரிந்தது. என் வேலை மேசையின் ஒரு கால் தெரிந்தது. ஆள் தெரியவில்லை. ஆனால் தரையில் பட்டிச் சுருள்கள் விழுந்துகொண்டிருந்தன. ஒன்று... இன்னொன்று... மேலே இருந்து, மெதுவாக.

2.26. சத்தம் நின்றது. காலடி கேட்டது. வெறும் கால். என் அலுமாரியை நோக்கி வந்தது.

அப்போது மூக்கில் அந்த வாசனை ஏறியது. பசை சூடாகும் வாசனை. இஸ்திரிப்பெட்டியை வைத்து அழுத்தினால் வருமே, அதே வாசனை. கரண்ட் இல்லை. மெயின் சுவிட்சை முதலாளி அணைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

கதவின் அடியில் சூடு பட்டது.

வெளிச்சக் கோடு கீழே இருந்து மறையத் தொடங்கியது.

யாரோ வெளியே நின்று, இரண்டு கதவையும் சேர்த்து, நடுவில் பட்டி ஒட்டிக்கொண்டு வந்தார்கள். அப்படி யாரும் ஒட்ட மாட்டார்கள். கதவு ஓரத்துக்குத்தான் ஒட்டுவது. இது, கதவே இல்லாத மாதிரி மூடுவது.

கோடு என் முழங்காலுக்கு வந்தது.

இடுப்புக்கு.

நெஞ்சுக்கு...

கத்தினால் ரோட்டுக்குக் கேட்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

கண்ணுக்கு நேரே வந்தபோது ஒரு விநாடி அங்கே விரல்கள் தெரிந்தன. பட்டியை அழுத்திப் பிடித்த விரல்கள். நகத்தில் பசை காய்ந்திருந்தது.

பிறகு இருட்டு.

சர்ர்ர்... சர்ர்ர்... சர்ர்ர்...

ப்பூ...

அந்த மூச்சுக் காற்று என் முகத்தில் பட்டது. மூடிய கதவைத் தாண்டி.

கடிகாரத்தின் முள் மட்டும் பச்சையாகத் தெரிந்தது. 2.40. முற்றத்தில் நிறையக் கால்கள் ஓடி வந்தன. பட்டறைக்குள் நுழைந்தார்கள். நாலைந்து பேர் இருக்கும். இரும்புக் கம்பியைத் தரையில் இழுக்கும் சத்தம். பெற்றோல் நாற்றம்.

ஒருவன் சிங்களத்தில் கேட்டான். "தெமளு இன்னவாத?" தமிழர் இருக்கிறார்களா என்று.

காலி அறையில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். அவன் யாரையோ பார்த்துக் கேட்டான்.

சர்ர்ர்... என்ற சத்தம் மட்டும் ஒரு தரம்.

பிறகு காலடிகள் நகர்ந்தன. தேடவில்லை. பலகை அடுக்கைக் கலைக்கவில்லை. மேசைக்கு அடியில் குனியவில்லை. நேராக இடது மூலைக்குப் போனார்கள்.

கதவு உடைந்தது.

"ஐயோ! என்ரை மனுசி பிள்ளைத்தாச்சி! விடுங்கோ! ஐயோ, லிங்கம்!"

நான் தள்ளினேன். சத்தியமாகத் தள்ளினேன். தோளால் இடித்தேன். காலால் உதைத்தேன். கதவு அசையவில்லை. பெட்டிக்கு ஆணி அடித்த மாதிரி நின்றது. அவ்வளவு சத்தம் போட்டும் ஒருத்தன் கூட என் பக்கம் திரும்பவில்லை.

அண்ணனை இழுத்துக்கொண்டு போன சத்தம் முற்றத்தைத் தாண்டியது. ரோட்டில் ஒரு லொறி உறுமியது. 2.46.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேன் என்று தெரியாது. 4.50க்கு வேன் வந்த சத்தம் கேட்டு மறுபடி கதவில் கை வைத்தேன். விரல் பட்டதும் திறந்துகொண்டது. பட்டி ஒட்டிய அடையாளமே இல்லை. இடைவெளி பழையபடி இருந்தது. இஸ்திரிப்பெட்டி தட்டில், வயர் சுற்றியபடி இருந்தது. தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. என் அலுமாரிக்கு முன்னால் தரையில் புதுச் சுருள்கள் கிடந்தன.

வேனில் சாக்குகளுக்கு அடியில் இருந்து கமலாசனி அக்காவைத் தூக்கி இறக்கினார்கள். உயிரோடு வந்துவிட்டார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அவர் எங்கை?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கைரியா தாத்தா அழுதுகொண்டே ஓடி வந்து அக்காவை அணைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். என்னைக் கடந்துதான் போனார். என்னைப் பார்க்கவில்லை.

தம்பிராஜா அண்ணனின் உடல் கூடக் கிடைக்கவில்லை. அக்காவை அகதி முகாமில் சேர்த்து, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். ஆண் பிள்ளை பிறந்ததாகக் கேள்விப்பட்டேன். மூன்று கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. துக்கம், அப்புறம் சண்டை நேரம், தபால் ஒழுங்காகப் போகாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நான் கம்பளைக்குப் போய் வேறு பட்டறையில் சேர்ந்தேன். ட்ரிம்மரைக் கையால் தொடவில்லை. உளியால் ஓரம் சீவுகிறேன், முதலாளிமார் திட்டுவார்கள், பரவாயில்லை.

1991இல் ஹாஷிம் முதலாளி படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். அவர் நினைவு தப்பிக் கிடந்தார். கட்டில் பக்கத்தில் கைரியா தாத்தா கதிரையில் இருந்தார். எட்டு வருடமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர். முதலாளியின் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு கேட்டார்.

"என்னத்துக்கு லிங்கம் அன்டைக்கு அப்புடிச் செஞ்ச?"

"என்னா செஞ்சேன் தாத்தா?"

"கைய நீட்டினியே. அவனுகள் வந்து கேட்டதும், அந்த மூல அலுமாரிய நோக்கிக் கைய நீட்டிக் காட்டினியே. நான் மேல ஜன்னல்ல நின்டு பாத்துட்டுத்தானே ஈந்தேன்."

தாத்தா விடவில்லை.

"நீ வெளிய குந்திட்டு ஓரம் சீவிட்டு ஈந்த. அவனுகள் ஒன்னய ஒண்ணும் செய்யல்ல. நான் அன்டைக்கே கமலாசனிக்கிட்டச் சொல்லிட்டேன். புருசன யாரு காட்டிக் குடுத்த எண்டு அவளுக்குத் தெரியத்தானே வேணும்."

"தாத்தா, அது நான் இல்ல! நான் உள்ள இருந்தேன்! அலுமாரிக்குள்ள! கதவு தெறக்கல தாத்தா!" நான் அழுதேன். அவர் காலில் விழுந்தேன்.

கைரியா தாத்தா கோபப்படவில்லை. தாழ்ந்த குரலில்தான் கேட்டார்.

"நீ இல்லாட்டி, அவன இழுத்துட்டுப் போனதுக்குப் பொறகு, என்னத்துக்கு ஜன்னல நிமிந்து பாத்து, என்னப் பாத்துச் சிரிச்ச?"