மருந்தைக் குறை சொல்லாத அப்பா

ஆட்டுக் கிடையை மடக்க அப்பா குரல் கொடுத்தார், இருமல்தான் வந்தது. நாகலாபுரத்துக் கரிசலில் ஆடுகளுக்குப் பின்னால் நடந்தே வயதானவர் அவர். தூசி என்றார், பனி என்றார். சளியில் ரத்தம் இருந்ததை அம்மா பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது.

மதுரையில் பயாப்சி (கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பது) செய்தார்கள். நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை. எலும்புக்கும் பரவியிருந்தது. கீமோதெரபி சில மாதம் தாங்கியது, பிறகு கட்டி மறுபடி வளர்ந்தது. அப்போதுதான் அங்கே அப்பாவைப் பார்த்துவந்த டாக்டரம்மா மருந்துப் பரிசோதனை (இன்னும் விற்பனைக்கு வராத மருந்தை, சம்மதிக்கும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது) பற்றிச் சொன்னார்.

"ஐயா, இந்த மாத்திரை உங்களுக்குக் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். வேண்டாம்னு தோணினா எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம். உடம்புல எது மாறினாலும் சொல்லணும். நாங்க கேட்கிறது அது ஒண்ணுதான்."

அப்பா கும்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். எதையும் சந்தேகப்படுவது என் பழக்கம். எலிக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டார்களா என்று டாக்டரிடமே கேட்டேன். சிரித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். நீங்களும் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

முதல் ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன், எனக்குப் பிடிக்காத மேனேஜருக்கும் சேர்த்து.

வாரந்தோறும் மருத்துவமனையிலிருந்து செவிலியர் போனில் கேட்பார். வாய் எப்படி, வயிறு எப்படி? அப்பாவுக்கு ஒரே பதில்தான். "ஒரு குறையும் இல்ல தாயி. நீங்க நல்லா இருக்கணும்." சோற்றைக் கரைத்துக் குடிப்பதைக்கூட வயதின் தளர்ச்சி என்றே எங்களை நம்பவைத்துவிட்டார்.

ஒருநாள் காலையில் ஆட்டுப்பட்டி வாசலிலேயே சுருண்டு விழுந்தார். கோவில்பட்டிக்குக் கொண்டுவந்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். அங்கிருந்த டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தபோது வாய் முழுக்கப் புண். வயிற்றுப்போக்கும் பல நாளாக இருந்திருக்கிறது. நீர் வற்றி, சிறுநீரகம் தளர்ந்துவிட்டிருந்தது.

"ஏம்ப்பா சொல்லல?" என்றேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம்.

"அவிய சும்மா குடுக்காவ. வாங்கித் தின்னுட்டு, குடுத்தவுகளையே குத்தம் சொல்லச் சொல்லுதியாட்டி?"

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டு, குழம்பில் உப்பில்லை என்று சொல்லமாட்டார்கள். அப்பா அப்படி வளர்ந்தவர். மருந்தையும் அவர் விருந்துச் சாப்பாடாகவே நினைத்திருக்கிறார்.

மதுரை டாக்டரிடம் பேசினேன். மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார். சிறுநீரகம் தேறாவிட்டால் அதை மறுபடி தொடங்க முடியாது என்றார். எங்களிடம் வேறு மருந்தும் இல்லை. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாதான் பேச்சைத் தொடங்கினாள். அடுத்தவர் ஆட்டை வளர்த்துக் குட்டியில் பங்கு எடுத்துக்கொள்வதை நாங்கள் வாரம் என்போம்.

"வாரத்துக்கு ஆடு மேய்ச்சியள்லா? ஆட்டுக்குச் சீக்குன்னா ஆட்டுக்காரர்ட்ட என்ன சொல்லுவிய? நல்லா மேயுதுன்னா?"

"அதெப்படி? உடனே சொல்லாட்டா மத்த ஆடும் போயிரும்லா."

"அப்பம் இதையும் சொல்லுங்க. அவிய குடுத்த மாத்திர, என்ன செய்யுதுன்னு அவியளுக்குத் தெரிய வேண்டாமா?"

அப்பா எங்கள் பக்கம் திரும்பிப் படுத்தார். மதுரைக்குப் போனதும் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வாய், வயிறு, நகக்கண் வலி, தோல் அரிப்பு. எப்போதோ ஒரு கிடா முட்டிய முழங்காலைக்கூட விடவில்லை. டாக்டரம்மா அதையும் கேட்டுக்கொண்டார். அந்தப் பொறுமைக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

சிறுநீரகம் தேறியது. அளவைக் குறைத்து மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். அடுத்த ஸ்கேனில் கட்டி வளரவில்லை. இது குணம் அல்ல என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அப்பா இப்போது சோறு சாப்பிடுகிறார், துவையலுக்குச் சண்டை போடுகிறார்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி ஒரு பரிசோதனையில் இருந்தால், அவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். நன்றி வாயைக் கட்டிவிடும். நாக்கைப் பாருங்கள், தட்டில் மிச்சம் வைக்கிறாரா என்று பாருங்கள். நான் தினமும் அப்பாவை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். முறைத்துக்கொண்டே நீட்டுவார்.

எங்களுக்கு இப்போது வருஷக் கணக்கு கிடையாது. ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் நடுவில் இருப்பதுதான் காலம். அதற்குள் கம்பு விதைத்தோம், சித்தி மகள் கல்யாணத்துக்குப் போனோம்.

போன முறை டாக்டரம்மா ஒன்று சொன்னார். வேறு சிலருக்கும் இதே தொந்தரவு இருந்திருக்கிறது. அதனால் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இனி குறைந்த அளவிலிருந்தே மாத்திரை தொடங்குகிறார்களாம்.

திரும்பும்போது ரயில் சாத்தூரைத் தாண்டிய பிறகு அப்பா கேட்டார்.

"ஏட்டி, எனக்குப் பெறகு இந்த மாத்திரையத் திங்க வாரவன், யாரோ எவரோ, அவனுக்கு வாயி இப்படி வேகாதுல்லா?"

"இவ்வளவு வேகாதுப்பா."

"அப்பம் சோறு தின்னுருவான்," என்றார்.

முகம் தெரியாத ஒருவர் வயிறாரச் சாப்பிடப்போவதில் அவருக்கு அத்தனை நிம்மதி. அப்பாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று அதுவரை மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தவள் நான். அன்று எண்ணவில்லை. அவர் தோளில் சாய்ந்து, கோவில்பட்டி வரும்வரை அழுதுகொண்டே வந்தேன், சந்தோஷமாகத்தான்.