ஒரு கையால் விரிகிற கத்தி

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒரு மடக்குக் கத்தி வாங்கிய கதையில் என்ன இருக்கிறது? அதுவும் என் மச்சானைப் பற்றி நாலு வரி நல்லதாக எழுதிவிட்டால், அப்புறம் அவன் தலை பஸ்ஸுக்குள் நுழையாது. இருந்தாலும் சின்னமனூர் சந்தையில் அவன் நின்ற நிற்பு கண்ணை விட்டுப் போகவில்லை. கத்திக் கடையின் தார்ப்பாய்க் கயிற்றை இடது கையால் தலைக்கு மேலே பிடித்துத் தொங்கியபடி, வலது கையால் மட்டும் ஒவ்வொரு கத்தியாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். காய்கறி வாங்க வந்தவர்கள் எல்லாம் பையைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

மச்சான் என் அத்தை மகன். நானும் அவனும் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நிம்மதி கொடுத்துவிட்டு, திராட்சைத் தோட்டங்களில் கொடி கட்டும் செட்டு ஒன்றில் சேர்ந்தோம். பந்தலுக்கு அடியில் நாள் முழுக்க அண்ணாந்து நிற்கிற வேலை. இளங்கொடியைக் கம்பியோடு சேர்த்து, சணலைச் சுற்றி, இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். சணலை அறுத்த பிறகுதான் முடிச்சு. பிடித்த கையை இடையில் விட்டால் கொடி சரிந்து நுனி ஒடியும். கத்தியைத் திறந்தபடி இடுப்பில் செருகவும் செட்டுத் தலைவர் விடமாட்டார். அவரைப் பெரியண்ணன் என்போம். மச்சானிடம் இருந்த கத்தி துருவேறி இறுகியது. இரண்டு கை வேண்டிய இடத்தில் ஒரு கைதான் காலியாக இருந்ததால், அவன் பல்லால் விரித்துப் பழகினான். ஒருநாள் முன்பல்லின் ஓரம் தெறித்து விழுந்தது.

பெரியண்ணன் வேலையை நிறுத்திவிட்டு வந்தார். "இன்னைக்குப் பல்லு. நாளைக்கு நாக்க அறுத்துக்கிருவ. ஒங்கய்யாவுக்கு ஆரு பதில் சொல்றது? நல்ல கத்தியோட வா. இல்லயா, வராத."

வராவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவன் அய்யா, அதாவது என் மாமா, அவனைக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் ஏற்றிவிடக் காத்திருந்தார். மச்சானுக்கு மலைப்பாதை ஆகாது. மூன்றாவது வளைவு திரும்புவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும்.

ஆக, சந்தை. அவன் கையில் இருந்தது ஐம்பது ரூபாய். நான் வழக்கம்போல முழங்கை மயிரை வழித்துக் கூர்மை பார்த்தேன். நாலு கத்தி பார்ப்பதற்குள் என் இடது கை பாதி மொட்டையாகிவிட்டது. ஸ்பூன், பாட்டில் திறப்பான், கத்தரி எல்லாம் மடங்கியிருந்த பளபளப்பான ஒன்றை எடுத்து, "இத வாங்கு மச்சான், வேல போனாலும் சாப்பிட ஸ்பூனு இருக்கு" என்றேன். அவன் அதை வாங்கி, அலகின் நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தான்.

"ஆடுது மாப்ள. வாயி மழுங்குனா கல்லுல தீட்டிக்கிரலாம். ஆடுற ஆணிய என்ன செய்வ?"

அதன் பிறகுதான் அந்தக் கயிற்றுத் தொங்கல். சுலபமாக விரிந்த கத்திகள் எல்லாம் அதே சுலபத்தில் மடங்கி விரலைக் கடிக்க வந்தன. உறுதியானவை ஒரு கைக்கு மசியவில்லை. கடைக்கார பாய் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி செய்றாக இவுக?" என்று என்னிடம் கேட்டார்.

"டிக்கெட்டக் கிழிச்சுக் குடுங்க பாய். குமுளி வரைக்கும் நின்னுக்கிட்டே வருவாக."

சிரிப்பு அடங்குவதற்குள் டக்கென்று ஒரு சத்தம். மரப்பிடி போட்ட, ஒரே அலகுள்ள கத்தி. மடக்கினாலும் அலகின் முதுகு பிடிக்கு வெளியே கொஞ்சம் துருத்தி நின்றது. அந்த முதுகை இரு விரலால் கிள்ளிப் பிடித்து, பிடியைத் தொடையில் அழுத்தினான், விரிந்துவிட்டது. மறுபடி ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. மரத்தில் நீளமாக ஒரு கீறல் இருந்ததால் பாய் ஐம்பதுக்கே இறங்கி வந்தார்.

மறுநாள் பந்தலுக்கு அடியில் பெரியண்ணன் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டார். மச்சான் சணலைச் சுற்றினான். இடது கை மேலே. வலது கை இடுப்புக்குப் போய், தொடைக்கு வந்தது. டக். சணல் அறுந்தது, முடிச்சு விழுந்தது, கொடி அசையவே இல்லை. பெரியண்ணன் கத்தியை வாங்கித் தன் தொடையில் அழுத்திப் பார்த்தார். இன்னொரு தடவை அழுத்தினார். அப்படியே அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். மத்தியானக் கஞ்சிக்குத்தான் கத்தி திரும்பி வந்தது. அதுவரை மச்சான் என் கத்தியை வைத்து வேலை செய்தான். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தக் கத்தியால் எனக்குக் கிடைத்த லாபம் அவ்வளவுதான்.

அந்தப் பருவம் முடிவதற்குள் எனக்குக் கழுத்து வலி பொறுக்கவில்லை. இப்போது தேனியில் ஆட்டோ ஓட்டுகிறேன். மச்சான் அங்கேயே இருக்கிறான். இன்றைக்கு அவன்தான் செட்டுத் தலைவன். மலைக்குப் போன எங்கள் வயசுப் பையன்கள் சிலர் ஊரில் மாடி எழுப்பிவிட்டார்கள். அவன் வீடு இன்னும் ஓட்டு வீடுதான். போன வாரம் அவனைப் பார்க்கப் போய், பந்தலுக்கு அடியில் அவன் பக்கத்தில் படுத்துக்கிடந்தபோது சீண்டிப் பார்த்தேன். "அன்னைக்கு அந்தக் கத்தி மட்டும் ஆப்டாம இருந்தா, மலைக்குப் போயி இந்நேரம் நீயும் மாடி வீடு கட்டிருப்ப."

மேலே இலைகளைப் பார்த்தபடியே சொன்னான்: "மாடி வீட்டுல இம்புட்டு நெழலு ஏது மாப்ள."