மூச்சுக்கு இருபது

அவளுக்கு வார்டில் ‘வேகம்’ என்று பெயர். கேலியாக வைத்ததுதான். பிறகு டாக்டர்களே “வேகத்தைக் கூப்பிடுங்க” என்று சொல்லுமளவுக்கு ஒட்டிக்கொண்டது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று மாமியார் சொல்வதில் பொய்யில்லை. இருபத்துநான்கு கட்டிலுக்கும் காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு என நான்கையும் பார்த்து, கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் எழுத மற்றவர்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். அவளுக்கு ஐம்பது நிமிடம் போதும். மிச்சமான இருபத்தைந்து நிமிடம் எங்கிருந்து வந்தது என்று பத்தொன்பது வருடமாக ஒருவரும் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் பதில் எளிது. கட்டிலுக்கு ஒரு நிமிடம். மூச்சை எண்ணுவதற்கான நிமிடம்.

பதினெட்டு வயதில் இதே ஆஸ்பத்திரியின் துணி அறையில் போர்வை மடிக்க வந்தவள் அவள். கல்யாணமாகி, குழந்தை பிறந்த பிறகுதான் நர்சிங் படித்தாள். லேத் பட்டறையில் வேலை பார்க்கும் கணவர் மூன்று வருடம் மகளுக்குக் கோணல்மாணலாகப் பின்னிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பினார். மூச்சை எண்ணும்போது நோயாளிக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் மூச்சு மாறிவிடும். மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்ப்பதுபோல நின்றுகொண்டு, கண்ணால் மார்பை எண்ண வேண்டும் என்று வகுப்பில் சொல்லித்தந்தார்கள். உடம்பு கெடும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது அந்த எண்தான் என்றும் சொன்னார்கள். அந்தச் செய்முறைத் தேர்வில் அவள்தான் முதல்.

வேலைக்கு வந்த முதல் வருடம், நாற்பது நோயாளிக்கு அவள் ஒருத்தி. அட்டைகள் பாதி காலியாக இருக்கிறதென்று எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினாள். மறுநாள் மூச்சுக் கட்டத்தில் எண்ணாமல் ‘20’ என்று எழுதினாள். எழுதிவிட்டு அந்த அட்டையை இருமுறை திரும்பிப் பார்த்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்த நாள் திரும்பிப் பார்க்கவில்லை. குற்றம் சொல்ல எனக்கும் வாய் இருக்கிறது. ஆனால் நாற்பது பேரை ஒருத்தி தலையில் கட்டியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது வார்டு பொறுப்பாளர் பதவி காலி. திங்கட்கிழமை நேர்காணல். துணி அறையிலிருந்து அந்த நாற்காலி வரை வந்தவர் அந்த ஆஸ்பத்திரியில் எவருமில்லை. “பொறுப்பாளர் ஆனா மெதுவா நடக்கணும்மா, மரியாதையா இருக்கும்” என்று மகள் வீட்டில் நடந்து காட்டிச் சிரித்தாள்.

அவளோடு படித்த தோழி ஒருத்தி உண்டு. ஒரே விடுதி, ஒரே அறை. பிள்ளைகளுக்காகப் பன்னிரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, நான்கு மாதம் முன்புதான் அதே வார்டுக்கு வேலைக்கு வந்திருந்தாள். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். வேலை ஓடவில்லை, முதல் வாரமே கண்கலங்கி நின்றாள்.

“எப்படிடீ இவ்வளவு சீக்கிரம் முடிக்கிற?”

“மத்த மூணையும் ஒழுங்கா பாரு. மூச்சுக்கு இருபது போட்டுட்டுப் போயிட்டே இரு.”

“எல்லாருக்குமா?”

“அடிப்போடி, இன்னும் பரீட்சை எழுதுற பொண்ணு மாதிரி.”

ஏழாம் கட்டிலில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருந்தார். குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். நர்சுகள் கடக்கும்போதெல்லாம் படுத்தபடியே வாயால் ஹாரன் அடிப்பார். அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவர் ஹாரன் அடிக்கவில்லை.

“என்ன டிரைவர் ஐயா, வண்டி பிரேக்டவுனா?” என்றாள் வேகம். அவர் லேசாகச் சிரித்தார். காய்ச்சல் கொஞ்சம் இருந்தது, நாடி கொஞ்சம் கூடுதல். எழுதினாள். கடைசிக் கட்டத்தில் 20.

பக்கத்தில் ஸ்டூலில் அவர் மனைவி. மூன்று நாளாக அதே புடவை.

“மூச்சு வாங்குற மாதிரி இருக்கே சிஸ்டர்?”

வேகம் குனிந்து அட்டையைப் பார்த்தாள். ஆளைப் பார்க்கவில்லை, தான் எழுதியதைப் பார்த்தாள். “நார்மலாத்தான் இருக்கும்மா. நீங்கதான் இப்படியே கிடந்து படுத்துக்கப் போறீங்க. வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு வாங்க.”

நல்ல மனசோடு சொன்னதுதான். அதுதான் பிறகு அவளை அதிகமாக அறுத்தது.

இரண்டு மணிக்கு வேலை மாறும்போது தோழியிடம், “ஏழுல ஒண்ணும் பிரச்சினை இல்ல” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். இரண்டேகாலுக்குத் தோழியும் ஏழாம் கட்டில் அட்டையில் 20 எழுதினாள். நான்கு மணிக்கு, மனைவி வீட்டிலிருந்து திரும்பும் முன்பே, அவர் இறந்துபோனார். மறுநாள் காலை வேகம் வார்டுக்குள் நுழைந்தபோது ஏழாம் கட்டிலில் புதுப் போர்வை, ஓரம் மடித்து விரித்திருந்தது. போர்வை மடித்தே வளர்ந்தவளுக்கு ஒருவரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டேகாலுக்கு மூச்சு இருபது என்றிருந்தவர் நான்கு மணிக்குள் எப்படி இறந்தார் என்று கேட்டு விசாரணைக் கடிதம் தோழிக்கு வந்தது. கடைசிக் கையெழுத்து அவளுடையதுதானே. யார் சொல்லிக்கொடுத்தது என்று தோழி ஒருவரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டு அறையில் எதிரே உட்கார்ந்து, “நீ திங்கட்கிழமை நல்லா பண்ணுடீ. நமக்குள்ள ஒருத்தியாவது மேல போகட்டும்” என்றாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். வேகம் சோற்று டப்பாவை அப்படியே மூடி வைத்தாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள்.

“நீ சொல்லாட்டி யாருக்காவது தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப ஏன் எங்கிட்ட சொன்ன?” என்றார்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு நிமிடம் நின்று எண்ணினாள். பதினாறு, பதினெட்டு, பதினான்கு, இருபத்திரண்டு. இருபத்துநான்கு பேரில் சரியாக இருபது இருந்தது இரண்டே பேருக்கு. வேலை முடிய ஒன்றேகால் மணி நேரம் ஆனது. “வேகத்துக்கு வயசாயிடுச்சு” என்று யாரோ சிரித்தார்கள்.

சனிக்கிழமை காலை விசாரணை. கூப்பிடாமலே மேட்ரனின் அறைக் கதவைத் தட்டி உள்ளே போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் மேட்ரன். இந்தப் பக்கம் தோழி. ஓரத்து நாற்காலியில், அவள் எதிர்பார்க்காத ஆள், ஓட்டுநரின் மனைவி. அந்த முகத்தைப் பார்த்ததும் திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது. கதவைச் சாத்திவிட்டு மேட்ரனைப் பார்த்துச் சொன்னாள்.

“ரெண்டேகாலுக்கு எழுதினது இவங்க. அப்படி எழுதச் சொல்லிக்குடுத்தது நான். பத்து மணிக்கு எழுதினதும் நான்தான் மேடம். ரெண்டு பேருமே எண்ணல.”

தோழி முகத்தைப் பொத்திக்கொண்டாள். மேட்ரன் பேனாவைக் கீழே வைத்தார். “இதை எழுத்துல குடுத்தா திங்கட்கிழமை நேர்காணல் உங்களுக்குக் கிடையாது. அதோட நிக்குமான்னு என்னால சொல்ல முடியாது. தெரியுமில்ல?”

“தெரியும் மேடம்.”

மேட்ரன் ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார். தோழிக்கு எழுதி வைத்திருந்த வேலைநீக்கக் கடிதத்தை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். வேகம் நின்றபடியே எழுதத் தொடங்கினாள். பத்தொன்பது வருடத்தில் அவள் இத்தனை மெதுவாக எதையும் எழுதியதில்லை.

ஓரத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

“அப்ப அன்னைக்கு அவருக்கு எத்தனை இருந்துச்சு சிஸ்டர்?”

“தெரியாதும்மா. நான் எண்ணல.”

“நான் கேட்டேனே. மூச்சு வாங்குதேன்னு.”

“கேட்டீங்க.”

“எண்ணியிருந்தா என்னைப் போகச் சொல்லியிருக்க மாட்டீங்க?”

“சொல்லியிருக்க மாட்டேன்மா.”

அந்த அம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“அவர்கிட்ட சொல்லிட்டுக்கூடப் போகல. தூங்குறார்னு நினைச்சு எழுப்பாமப் போயிட்டேன்” என்றாள்.