ஒரு சொட்டும் சிந்தாத காட்டேரி

இருட்டில் மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் ஒரு சினிமா தியேட்டரைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். என் அக்கா பல வருஷமாகப் பெருக்குகிறாள். நான் அதே தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறேன். சென்ட் மணக்க மணக்க என்னைக் கடந்து உள்ளே போகிற சீமாட்டிகள்தான் சீட்டுக்கு அடியில் பபிள்கம் ஒட்டுகிறார்கள். குழந்தையின் டயப்பரைச் சுருட்டி, குளிர்பானம் வைக்கிற வளையத்தில் சொருகிவிட்டுப் போன ஒரு குடும்பத்தை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். சீ, மனுஷ ஜென்மங்களா!

இந்த அசிங்கத்துக்கு நடுவில் அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை, ரத்தக் காட்டேரி படங்கள். கூட்டமில்லாத மதியக் காட்சிகளில் கடைசி வரிசைக்குப் பின்னால் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றபடியே முழுப்படத்தையும் பார்த்துவிடுவாள். எனக்கு அந்தக் கண்றாவி ஆகாது. அடுத்தவன் கழுத்தில் வாய் வைத்து உறிஞ்சுகிற சத்தம் கதவு வழியாகக் கேட்டாலே சாப்பிட்டது தொண்டைக்கு வந்துவிடும். அக்கா சிரிப்பாள்.

"காட்டேரி மேல உனக்கு என்னடி கோபம்? இந்த ஊர்லயே சுத்தமா சாப்பிடத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

அதுதான் அவள் அளவுகோல். ஒரு சொட்டும் கீழே சிந்தாமல் குடித்தால் நல்ல காட்டேரி, நல்ல படம். சுவரெல்லாம் ரத்தம் பீய்ச்சி அடித்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "குழாய் உடைஞ்ச மாதிரி அடிக்கிறான் பாரு! இதை எவ துடைக்கிறது?" என்று திரையைப் பார்த்தே திட்டுவாள். ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவளின் செத்துப்போன அம்மா குரலில் கூப்பிடுகிற காட்டேரி படம் அவளுக்கு உயிர். தீவில் ஒற்றை விளக்கோடு இருக்கும் கிழவனை, ஒருநாள்கூடத் தொடாமல், பயத்தாலேயே கொன்றுவிடுகிற காட்டேரி படம் அதற்கு அடுத்தது. அந்த மாதிரிப் படம் ஓடினால் சனங்கள் கையில் எடுத்த பாப்கார்னை வாயில் போட மறந்து உட்கார்ந்திருப்பார்கள். தரையில் பெருக்க ஒன்றும் இருக்காது. மட்டமான படமென்றால் மென்று துப்பி, கொட்டி, மிதித்து வைத்திருப்பார்கள்.

திகில் பட ரசிகர்கள் சிலர் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். டிக்கெட் வாங்கும் முன் அவளைத் தேடி வந்து, "காட்டேரிக்கா, இது பார்க்கலாமா?" என்று கேட்பார்கள். எப்போதும் கறுப்புச் சட்டை போட்டுவரும் எலக்ட்ரீஷியன் ஒருவர் அவள் தலையாட்டாமல் ஒரு படம் பார்த்ததில்லை.

ஆனால் அவளுக்கு வீட்டில் ஒரு வேதனை இருந்தது. தரை துடைக்கிற மருந்தும், புளித்த குளிர்பானமும், யாரோ எடுத்த வாந்தியும் கலந்த ஒரு வாடை அவள் கையில் ஏறிவிட்டது. எலுமிச்சம்பழம் தேய்த்தாள், விலை கூடின சோப்புப் போட்டாள். போகவில்லை. அவள் மகள், என் செல்ல வாண்டு, என் கையால் ஊட்டினால் தின்னும். அக்கா கையை நீட்டினால் மூக்கைப் பொத்திக்கொள்ளும்.

"அம்மா, உன் கை நாத்தம்."

பெற்றவளுக்கு அதைக் கேட்க எப்படி இருக்கும்? லாரி ஓட்டப் போன அத்தான் மாதக்கணக்கில் வீட்டுப் பக்கம் வருவதில்லை. இருக்கிற ஒரே பிள்ளையும் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவை விட்டு ஓடியது. அக்கா அழமாட்டாள். தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, போய் மறுபடி கையைக் கழுவுவாள்.

அப்போதுதான் தின்பண்டக் கவுண்டரில் இருந்த பெண் வேலையை விட்டாள். தியேட்டர் மேனேஜருக்கும் ஒரு யோசனை முளைத்தது. மனிதர் எந்நேரமும் பல்லைக் குத்திக்கொண்டே பேசுவார், குத்தியதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வாய்க்குள் வைப்பார். அதையும் நான் தினம் பார்த்தாக வேண்டும்.

"ஒரு வாரம் பூரா காட்டேரிப் படமாப் போடலாம்னு இருக்கேன். எதைப் போடலாம்னு நீயே சொல்லு. அந்த வாரம் கவுண்டர்லயும் நீயே உட்காரு. நல்லாப் போச்சுன்னா அந்த வேலை உனக்குத்தான்" என்றார்.

கரும்பு தின்னக் கூலியா? அக்கா பார்த்துப் பார்த்துப் படங்களைச் சொன்னாள், எல்லாம் சிந்தாத காட்டேரிகள். துடைப்பத்தை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு, கவுண்டரில் வெள்ளை ஏப்ரன் கட்டி உட்கார்ந்தாள்.

வாரம் முழுக்க அரங்கு நிறைந்தது. வெளியே வந்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. இடைவேளையில் ஒருத்தர்கூட எழுந்து வரவில்லை, விறைத்துப்போய் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தியாடி? ஒரு ஈ காக்கா கவுண்டர் பக்கம் வரல. அவ்வளவு பயம்!"

நானும் மண்டு, அவளோடு சேர்ந்து சிரித்தேன். பாப்கார்ன் இயந்திரத்தில் மலைபோல் பொரிந்தது ரப்பராகிக்கொண்டிருந்தது. நமத்த எண்ணெய் வாடை கூடம் முழுக்க நின்றது. அதைச் சாக்குச் சாக்காக இழுத்துப்போய்க் கொட்டியபோதுகூட எங்கள் மண்டையில் உறைக்கவில்லை.

வீட்டில் வேறொன்று நடந்தது. வார நடுவில் ஒருநாள், நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாண்டு தானாகப் போய் அக்காவின் கையைப் பிடித்து மோந்து பார்த்தது. பிறகு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாயைத் திறந்தது. அக்கா அவசர அவசரமாகக் கவளம் உருட்டி ஊட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கடைசி நாள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். நானும் கூடவே போனேன்.

"என் வயித்துல அடிக்கிறதுக்குன்னே படம் பொறுக்கினியாம்மா?" என்றார். "டிக்கெட் காசெல்லாம் படக்காரனுக்குப் போயிடும். நமக்கு மிஞ்சறது தீனி விக்கிறதுலதான். பயந்தவன் எவன்யா திம்பான்? மெல்லணும், கொறிக்கணும், மறுபடி வாங்கணும். அதுக்குப் பேருதான் நல்ல படம்."

அக்கா ஏப்ரன் முடிச்சை அவிழ்க்கப் போனாள்.

"சரி, போனது போகட்டும். அடுத்த வாரமும் காட்டேரிதான், ஆனா நான் பொறுக்கின படம். உன்கிட்ட வந்து கேக்கறானுங்களே, அவனுங்ககிட்ட பயங்கரமான படம்னு நீ சொல்லணும். சொன்னா இந்தச் சீட்டு உனக்கு. இல்லன்னா துடைப்பம் அங்கயே இருக்கு."

அந்தப் படத்தை நான் முன்னோட்டத்தில் பார்த்திருந்தேன். திருந்திய காட்டேரி. ரத்தத்தை விட்டுவிட்டுத் தக்காளிச் சாறு குடிக்கும், காதலிக்குத் தலை பின்னிவிடும், மழையில் நனைந்து அழும். அது காட்டேரியா, பத்தியத்தில் இருக்கிற மாப்பிள்ளையா? தூ!

முதல் நாள் மதியக் காட்சிக்குக் கறுப்புச் சட்டைக்காரர் மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்தார். நேராகக் கவுண்டருக்குப் போனார். மேனேஜர் குளிர்பான இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, போன வாரப் படமெல்லாம் பார்த்துட்டு நாங்க லைட்டை அணைக்காமத் தூங்கறோம்" என்று சிரித்தார். "இது எப்படி? நீங்க சொன்னாத்தான் டிக்கெட்."

வாசலில் நின்றபடி, 'சொல்லாதே அக்கா, சொல்லித் தொலைக்காதே' என்று நான் மனசுக்குள் மன்றாடினேன். அவள் மேனேஜரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"பயங்கரமான படம் தம்பி. நான் பார்த்ததுலயே இதுதான் பெரிசு" என்றாள். "பெரிய டப்பாவா ரெண்டு தரட்டுமா?"

வாங்கிக்கொண்டு போனார்கள். இடைவேளையில் கூட்டம் கவுண்டரை மொய்த்தது. மென்ற வாயோடு பேசுகிறார்கள், நக்கிய விரலாலேயே காசை நீட்டுகிறார்கள், வாங்கியதில் பாதியைக் கீழே இறைக்கிறார்கள். மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. படம் விட்டு வெளியே வந்த கறுப்புச் சட்டைக்காரர் கவுண்டர் பக்கம் திரும்பவே இல்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். அந்தப் பல்குத்தியின் மேல் வந்த அருவருப்பு அக்காவின் மேலும் வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

வீட்டுக்கு வரும் வழியில் நான் அவளை விட்டுப் பத்தடி முன்னால் நடந்தேன். வந்ததும் அவள் முகம் கழுவி, தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கூப்பிடாமலே வாண்டு ஓடிவந்து அவள் மடியில் ஏறிக்கொண்டது. முதல் வாயை மென்று விழுங்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது.

"அம்மா, புதுப் படம் ரொம்ப பயமா இருக்குமாம்ல? பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லுச்சு. நீதான் எல்லார்கிட்டயும் சொன்னியாமே. நெஜமாவா?"

நான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அடுத்த கவளத்தைப் பிசைந்தாள், நிதானமாக உருட்டினாள்.

"வாயைத் தொற" என்றாள்.