நான் சொருகிய பிளக்

என் மகள் செய்த முதல் படகு டிரெய்லரை அணைக்குக் கொண்டுபோன அன்று, பிக்கப் வண்டியில் அவளுக்குப் பக்கத்து சீட்டில் நானும் ஏறிக்கொண்டேன். "வந்தா பேசாம உக்காந்திருக்கோணும்" என்றாள். பொள்ளாச்சி வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். அதற்குப் பிறகு முன்னால் போன ஒவ்வொரு தேங்காய் லாரிக்கும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

அந்த டிரெய்லரைக் கேட்டிருந்தது அணையில் மீன் பிடிப்பவர்களின் சங்கம். அவர்கள் புதிதாக வாங்கிய ஃபைபர் படகும் அதன் மேல்தான் இருந்தது. படகைத் தண்ணீரில் இறக்கி, திரும்ப ஏற்றிக் காட்டினால்தான் டிரெய்லரை எடுத்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். வாடகை ஷெட்டில் ஒற்றை ஆளாக மாதக்கணக்கில் வெல்டிங் வைத்தவளுக்கு அன்று ஒரு நாள்தான் பரீட்சை.

சங்கத் தலைவருக்கு என் வயது இருக்கும். வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங், டிரைவரு பின்னால வர்றாருங்களா?"

"நாந்தானுங்க டிரைவரு."

"அட சாமி! எங்க டிரைவரு ரிவர்ஸ் எடுக்கறதுக்கே நாலு பேரு கத்தோணும், அம்மணி."

"நீங்க கத்தாம இருந்தாப் போதுமுங்க" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சிமெண்டுச் சரிவின் உச்சியில் வண்டியை நிறுத்தி இறங்கினாள். வண்டியிலிருந்து டிரெய்லர் விளக்குகளுக்குக் கரண்ட் போகும் பிளக்கை உருவித் தொங்கவிட்டாள். பிறகு ஆழம் பார்க்கத் தலைவரோடு தண்ணீர் ஓரத்துக்குப் போனாள்.

அந்தப் பிளக் தொங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. பின்னால் நான்கு பேர் நிற்கப் போகிறார்கள்; பிக்கப்பின் விளக்கைப் படகு பாதி மறைக்கிறது. அவள் பிரேக் பிடித்திருக்கிறாளா இல்லையா என்பது டிரெய்லரின் சிவப்பு விளக்கு எரிந்தால்தானே எங்களுக்குத் தெரியும்? தண்ணீருக்கும் நான் பயப்படவில்லை. டிப்ளமா முடித்த நாளிலிருந்து, ஆழ்குழாய்க் கிணற்றில் மூழ்கி ஓடும் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி வைண்டிங் சுற்றுகிறேன். நான் டேப் சுற்றிய வயர் ஜாயிண்டுகள் முந்நூறு அடி ஆழத்தில் கிடக்கின்றன. இந்த டிரெய்லர் வயர்களுக்கும் டேப் சுற்றியது நான்தான். முழங்கால் தண்ணீர் என்ன செய்துவிடும்? பிளக்கைத் திரும்பச் சொருகிவிட்டுச் சரிவில் இறங்கிப் போய் நின்றேன்.

அவள் எடுத்த ரிவர்ஸை நான் என்னவென்று சொல்வது! ஒரே நேர்கோடு. கத்துவதற்குத் தயாராக இருந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. டிரெய்லரின் சக்கரங்கள் மூழ்கின, படகின் பின்பக்கம் மெல்ல மிதந்தது. அவள் பிரேக்கை அழுத்தினாள். விளக்குகள் சிவந்தன. தண்ணீருக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். டிரெய்லரிலும் பிக்கப்பிலும் சிவப்பு சட்டென்று அணைந்தது.

"பிரேக் உட்டுருச்சு!" என்று யாரோ அலறினார்கள். படகின் கயிற்றைப் பிடித்திருந்தவர் அதைப் போட்டுவிட்டு ஓடினார். வண்டியோடு என் பிள்ளை தண்ணீருக்குள் போகப் போகிறாள் என்றே நினைத்தேன். "கண்ணு! பிரேக்கப் புடி! பிரேக்கப் புடி!" அந்தக் குரல் என்னுடையது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "அம்மா, வண்டி நவுரவே இல்ல. எதுக்குக் கத்தறே? அண்ணா, கயித்த எடுங்க, படகு போயிரும்."

வண்டி நின்ற இடத்திலேயேதான் நின்றிருந்தது. அவள் கால் பிரேக்கில், கை ஹேண்ட் பிரேக்கில். கயிறு திரும்ப அவர் கைக்கு வந்தது. படகு அலுங்காமல் இறங்கியது.

வண்டியை மேலே ஏற்றி வந்ததும் சாக்கெட்டில் இருந்த பிளக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சரிவு நெடுகப் பிரேக் பிடித்தே இறங்கியதில் டிரெய்லரின் பல்ப் கொதித்துப் போயிருந்திருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் கண்ணாடி வெடித்து, உள்ளே தண்ணீர் போய், ஷார்ட் ஆகி, வண்டியின் பியூஸையும் கொண்டுபோய்விட்டது. என் ஜாயிண்ட் ஒன்றுகூட விடவில்லை. ஆனால் பல்புக்கு யார் டேப் சுற்றுவது?

"என்னாச்சுங் அம்மணி, வயரிங் சரியில்லீங்களா?" என்றார் தலைவர்.

"நான் ஒருக்காப் பாத்துட்டு ஏறியிருக்கோணுமுங்க" என்றாள். என் பெயரை எடுக்கவில்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. "எம்புள்ள கழட்டித்தானுங்க வெச்சுது. நாந்தான் சொருகிப் போட்டேன்" என்றேன்.

தலைவர் பியூஸ் மாற்றும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். படகைத் திரும்ப ஏற்றிக் காட்டினாள். அதன்பின் அவர், சங்கத்து டிரைவரை அழைத்து அவளிடம் கற்றுக்கொள்ளச் சொன்னார்.

"மொதல்ல பிளக்கக் கழட்டோணும், பல்பு ஆறோணும், அப்பறந்தானுங்க எறக்கோணும்" என்றாள் மகள். "மறந்தா என்ன ஆகும்னு எங்கம்மா இப்பத்தான் செஞ்சு காட்டுனாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

"டிரெய்லரு இனி எங்களுது, இங்கயே நிக்கட்டும் அம்மணி" என்றார் தலைவர். அவள் வண்டியிலிருந்து டிரெய்லரின் கொக்கியை விடுவித்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமல், கண்களை மட்டும் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.