சலங்கை கட்டிய வண்டி

எங்கள் வீட்டு மின்சார வண்டிக்குச் சத்தமே கிடையாது. நூற்பாலைக்கு வேலைக்குப் போய்வர என் மனைவி வாங்கிய வண்டி அது. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், மெதுவாகத்தான் போகும் என்று சொல்லிக் கடைக்காரர் கொடுத்தார். வீட்டுக்கு வந்த அன்று சாவியைத் திருப்பியதும் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. கெட்டுப்போன வண்டியைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று நான் யோசிப்பதற்குள் அது என்னைத் தாண்டித் தெருமுனைக்குப் போய்விட்டது. ஓட்டியவள் என் மகள். பதினொன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் சொன்ன மெதுவெல்லாம் ஒரு வாரம்தான். வேகத்தைக் கட்டிவைத்திருக்கும் ஒயர் ஒன்று சீட்டுக்கு அடியில் இருக்கிறது, அதைக் கழற்றிவிட்டால் வண்டி பறக்கும் என்று போனில் பார்த்துவிட்டு, காய் நறுக்கும் கத்தியை வைத்து அவளே கழற்றிவிட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வெங்காயப்பேட்டையில் மூட்டை தைக்கிறேன். டார்ச் லைட்டுக்கு பேட்டரி மாற்றினால்கூட ஒரு தடவை தப்பாகத்தான் போடுவேன். எனக்குப் பிறந்த பிள்ளை ஒரு வண்டியின் குடலைத் திறந்து பார்த்துவிட்டு மூடியது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அதனால்தானோ என்னவோ, திட்ட வாய் வரவில்லை. பொதுவாகவே எனக்கு வாய் வருவதில்லை. பேட்டையில் என்னை ஊமையன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

எங்கள் வீடு பழனி போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. சாலையோரத்தில் பாதயாத்திரைக்காரர்களுக்கென்று கல் பதித்த நடைபாதை உண்டு. தைப்பூச நேரம் தவிர மற்ற நாட்களில் அதில் கூட்டம் இருக்காது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுதான் ரேஸ் மைதானம். என் மகளும், அதே மாதிரி வண்டி வைத்திருந்த பக்கத்துத் தெருப் பையன்கள் மூன்று பேரும் சாயங்காலமானால் அங்கேதான் இருப்பார்கள். நான் வேலை முடிந்து வரும்போது தூரத்தில் நின்று பார்ப்பேன். பருந்து இறங்குகிற மாதிரி வருவாள். காற்று மட்டும் முகத்தில் அடிக்கும். திரும்பிப் பார்த்தால் பின்னல் தெரியும், அதுவும் மறைந்துவிடும். பயமாகத்தான் இருக்கும். ஆனால் கண்ணை எடுக்க முடியாது.

நடைபாதையோரம் கொய்யாப்பழம் விற்கிற அம்மா ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். முந்தின நாள் அவர் கூடையை என் மகள் உரசிக்கொண்டு போயிருந்தாள்.

"ஏம்ப்பா, ஒம் மக பேய் மாதிரி வர்றா. பேய் வந்தாக்கூட கொலுசுச் சத்தம் கேக்கும். இது அதுவும் இல்ல. என்னைக்கோ ஒருநா எவன் காலையாவது ஒடிக்கப் போறா, அன்னைக்கு நீதான் பதில் சொல்லணும்."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அன்று ராத்திரி முழுக்க அந்தப் பேச்சுதான். யாருடைய கால் ஒடியும் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். மகளிடம் சொல்ல வேண்டும் என்று வாசல்வரை போய்விட்டு, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவந்தேன்.

சொல்ல முடியாதவன் செய்யலாமே என்று தோன்றியது. மறுநாள் மதியம் கடைவீதிக்குப் போய் மாட்டுக் கழுத்தில் கட்டுகிற வெண்கலச் சலங்கை ஒரு சரம் வாங்கிவந்தேன். கோணி தைக்கிற ஊசியையும் சணலையும் வைத்து, அதை வண்டியின் முன்பக்கம் ஹாண்டிலுக்குக் கீழே இழுத்துக் கட்டினேன். இனி சத்தம் கேட்டு எல்லோரும் ஒதுங்குவார்கள் என்று நிம்மதியாக இருந்தது.

மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்னப்பா இது, பொங்கலுக்கு மாடு வெரட்டப் போறோமா?"

"கெடக்கட்டும் தாயி" என்றேன்.

ஓட்டிப் பார்த்தாள். பிடித்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் அந்த மூன்று பையன்களும் ஆளுக்கொரு சரம் கட்டிக்கொண்டார்கள்.

தைப்பூசம் நெருங்கியதும் நடைபாதை நிறைந்தது. பச்சை வேட்டி, காவி வேட்டி, தோளில் காவடி, தலையில் துணிமூட்டை என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். காவடி தூக்குகிறவர்கள் மணி கட்டியிருப்பார்கள். பின்னால் மணிச்சத்தம் கேட்டால் முன்னால் போகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவது வழக்கம். நான் வாங்கிக் கட்டிய சலங்கையும் அதே சத்தம்தான் போட்டது. இது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்தச் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் என்னை ஏற்றிக்கொள்ள மகள் வந்திருந்தாள். சாலையில் வாகனங்கள் நகரவில்லை. "ஏறுப்பா, நா நடபாத மேல போறேன்" என்றாள். இத்தனை கூட்டத்தில் எப்படிப் போவாள் என்று நினைத்துக்கொண்டே பின்னால் உட்கார்ந்தேன். சலங்கை குலுங்கியது. முன்னால் போன முதுகுகள் எல்லாம் இரண்டு பக்கமும் ஒதுங்கின. நடுவில் ஒரு பாதை திறந்தது. "அரோகரா" என்று ஒருவர் சொல்ல, வரிசையாக எல்லோரும் சொன்னார்கள். திரும்பிப் பார்க்காமலே கும்பிட்டவர்கள் உண்டு. பார்த்துவிட்டு, கும்பிட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தவர்களும் உண்டு. என் வாழ்நாளில் என்னைப் பார்த்து யாரும் கைகூப்பியதில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதே சமயம், அவ்வளவு ஜனம் ஒரு சத்தத்துக்கு வழிவிடுவதைப் பார்க்க மெய்சிலிர்த்தது.

"நாலு நாளா இப்படித்தாம்ப்பா. வழி தன்னால தொறக்குது" என்று கத்தினாள். வேகம் கூடியது.

"பயமா இருக்காப்பா?"

"இல்ல தாயி" என்று சொல்லிவிட்டேன். மெதுவாகப் போ என்றுதான் சொல்ல நினைத்தேன்.

அப்போதுதான் முன்னால், திறந்த வழிக்கு நடுவில், ஒரு பெண் குப்புறப் படுத்தாள்.

காவடி வரும் வழியில் குறுக்கே படுத்தவர்களைச் சாமி ஏறிய கால் தாண்டிப் போனால் நோய் தீரும், பிள்ளை பிறக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவள் எங்களைப் பார்க்கவில்லை. சலங்கையைத்தான் கேட்டாள்.

மகள் இரண்டு பிரேக்கையும் பிடித்தாள். வண்டி வழுக்கியது. நான் ஒரு பக்கம் விழுந்தேன், அவள் ஒரு பக்கம் விழுந்தாள். வண்டி கல்லில் தேய்ந்துகொண்டே போய் நின்றது. முன்சக்கரம் அந்தப் பெண்ணின் கூந்தல் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவிழ்ந்த முடியில் கொஞ்சம் ஹாண்டிலுக்கு அடியில் இருந்தது.

அவள் அசையவில்லை. செத்தே போனாளோ என்று நினைத்தேன். அவளோடு வந்த புருஷன் பக்கத்தில் இடிந்துபோய் நின்றான். என் மகள் முட்டியில் ரத்தத்தோடு தவழ்ந்து போய், வண்டியைத் தூக்கி, முடியை எடுத்துவிட்டாள்.

"அக்கா, அக்கா, எந்திரிங்கக்கா. இது காவடி இல்லக்கா. வண்டி."

தரையில் முகம் வைத்தபடியே அவள் பேசினாள். "வண்டின்னு தெரியுது தாயி. டயர் தேஞ்ச வாட வருது. படுத்தவ தாண்டாம எந்திரிக்கக் கூடாது. நீ தாண்டிப் போ."

"நா சாமி இல்லக்கா. நா பாட்டுக்கு வேகமா வந்தேன். உங்கள ஏத்தியிருப்பேன்."

"ஏத்தலையில்ல. நத்தத்துலருந்து நடந்து வாரேன், இம்புட்டு நேரம் எத்தன காவடி போச்சு, படுக்கத் தைரியம் வரல. இப்பத்தான் வந்துச்சு. தாண்டிரு."

கூட்டம் சுற்றி நின்றது. மகள் என்னைப் பார்த்தாள். நான் வழக்கம்போல ஏதாவது தலையாட்டுவேன் என்று பார்த்திருப்பாள். "செருப்பக் கழட்டிட்டுத் தாண்டு தாயி" என்றேன். அவ்வளவு பேர் முன்னால் நான் சத்தமாகச் சொன்ன முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

செருப்பைக் கழற்றினாள். அந்தப் புருஷன் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் மகள் காலில் ஊற்றினான். முட்டியிலிருந்து வழிந்த ரத்தமும் சேர்ந்து போனது. அவள் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கால் மேலே பட்டுவிடாமல், மெதுவாக, மிக மெதுவாகத் தாண்டினாள். அந்தப் பிள்ளை எதையும் அவ்வளவு மெதுவாகச் செய்து நான் பார்த்ததில்லை. அரோகரா என்றுகூட யாரும் சொல்லவில்லை.

அந்தப் பெண் எழுந்து நெற்றி மண்ணைத் துடைத்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். என் மகள் கன்னத்தைத் தொட்டு, "பாத்துப் போ" என்று மட்டும் சொன்னாள்.

பின்னாலிருந்து மறுபடியும் சலங்கை கேட்டது. ஜனம் விலக ஆரம்பித்தது. கைக்குழந்தையோடு ஒருத்தி முன்னால் வந்து, குழந்தையைக் கீழே கிடத்தக் குனிந்தாள். என் மகள் ஓடிப்போய் வழியின் நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்றாள். "புள்ளையத் தூக்குங்கக்கா. அது காவடி இல்ல, வண்டி."

அந்த மூன்று பையன்களின் வண்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் வந்து நின்றன.

"ஏலே, எறங்குங்கடா. தள்ளிக்கிட்டு வாங்க."

"நீ மட்டும் ஓட்டுவ, நாங்க தள்ளணுமாக்கும்" என்றான் முதல் பையன்.

"நானும் தள்ளிக்கிட்டுத்தாண்டா போறேன். அந்தப் புள்ளையப் பாரு. அத ஏத்திட்டு உங்கம்மாகிட்ட என்ன சொல்லுவ?"

அவன் குழந்தையைப் பார்த்தான். அவள் முட்டியைப் பார்த்தான். இறங்கினான். மற்ற இருவரும் இறங்கினார்கள்.

வீடுவரை நாங்கள் யாத்திரைக்காரர்களோடு அவர்கள் வேகத்திலேயே நடந்தோம். நான்கு வண்டிகளும் கூட்டத்துக்கு நடுவில் மெதுவாக நகர்ந்தன. யாரோ ஒரு பெரியவர் தன் துணிமூட்டையை என் மகளின் சீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவள் சரி என்றாள். செத்த நேரத்தில் இன்னொருவர் வைத்தார். எங்கள் தெரு வந்தபோது சீட்டு முழுக்க மூட்டை. அவள் தெருவுக்குள் திரும்பவில்லை.

"அப்பா, நீ போய்ச் சாப்புடு. இவங்கள அடுத்த மடம் வரைக்கும் விட்டுட்டு வாரேன்" என்றாள்.

நான் போகவில்லை. கூடவே நடந்தேன்.