முன்சீட்டுச் செபமாலை

என்னைப் பற்றி யாராவது நாலு வரி எழுதினால் அதில் மூன்று வரி கார் பற்றியதாகத்தான் இருக்கும். பெயர் கிளெமென்ற், மன்னார் பேசாலையில் இருந்து வந்தவன். ஒஸ்லோவில் பேக்கரி வான் ஓட்டியே தலை நரைத்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மோர்டென்ஸ்ருட்டிலும் ஹவுகெட்டோவிலும் பூசைக்குப் போகக் காத்திருப்பவர்களை எல்லாம் தன் காரில் ஏற்றி இறக்குகிறவன். நாலாவது வரியில், போகிற வழியில் அவர்களுக்குச் செபமாலை சொல்லுவிக்கிறவன் என்று வரும். இவ்வளவுதான் நான் சேர்த்த பெருமை. அதில் முக்கால்வாசியைப் போன இலையுதிர் காலத்தில் கண் டாக்குத்தர் பறித்துக்கொண்டார்.

கண்ணுக்குள் அழுத்தமாம். நேரே இருப்பது நன்றாகத் தெரிகிறது, பக்கத்தில் இருப்பது தெரியவில்லை, ஆகையால் இனி வாகனம் ஓட்டக்கூடாது என்றார். கூட வந்திருந்த என் மனைவி அருள்ராணி, "அது கலியாணம் கட்டின நாளிலை இருந்தே அப்பிடித்தான்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். என்ன சொல்கிறார் என்று டாக்குத்தர் கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை.

அருள்ராணியிடமும் லைசன்ஸ் இருக்கிறது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது எடுத்தது. எடுத்த நாளில் இருந்து அது அவளுடைய கைப்பைக்குள் பத்திரமாக இருந்தது, நான் ஸ்டியரிங்கை விட்டுக் கொடுத்தால்தானே. பனிக்காலம் என்றால் சறுக்கும் என்பேன். கோடைகாலம் என்றால் றோட்டில் சனம் கூட என்பேன். மற்றக் காலங்களில், "நான் இருக்கேக்கை நீர் ஏன் கஷ்டப்படுறீர்" என்று அன்பாகச் சொல்லித் திறப்பைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொள்வேன். அப்படி அன்பு காட்டிய பலன், இப்போது எனக்கு லைசன்ஸ் இல்லை, அவளுக்குப் பழக்கம் இல்லை. அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு விடியற்காலையில் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். கார் கீழே கராஜில் சும்மா நின்றது. அதை விற்பதா வைத்திருப்பதா என்பதுதான் எங்கள் வீட்டில் தினமும் நடந்த கதை.

நத்தார் பண்டிகைக்கு மகன் றொபின் ஐந்நூறு கிலோமீற்றர் வடக்கே ட்ரொண்ட்ஹைமில் இருந்து வந்து, எங்கள் காரிலேயே எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். திரும்புகிற நேரம் அவனுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. வெளியே பனி கொட்டிக்கொண்டு இருந்தது. "காரை இஞ்சை விட்டிட்டு ரயிலிலை போங்கோ, நான் வித்துத் தாறன்" என்றான்.

அருள்ராணி கோப்பை கழுவிக்கொண்டு நின்றவள் கையைத் துடைத்தாள். "நான் ஓடுறன். ஒஸ்லோ வரைக்கும் நானே கொண்டுபோய்ச் சேத்தா கார் எங்களோட இருக்கட்டும். இடையிலை ஏலாமல் போச்சுதெண்டா வித்துப்போடுவம்."

நான் றொபினைப் பார்த்தேன். றொபின் பனியைப் பார்த்தான்.

இந்த இடத்தில் பெட்டிகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கூட வேலை செய்யும் நோர்வேஜியப் பெண் ஒருத்தி அருள்ராணிக்கு ஒரு பொழுதுபோக்கைப் பழக்கி விட்டிருந்தாள். தண்ணீர் புகாத சின்னப் பெட்டி ஒன்றை யாரோ கல்லுக்கு அடியிலோ மரத்துக்குப் பின்னாலோ ஒளித்து வைப்பார்கள். அதற்குள் ஒரு றப்பர் முத்திரையும் ஒரு குட்டிக் குறிப்புக் கொப்பியும் இருக்கும். இணையத்தில் போட்டிருக்கும் குறிப்பைப் பிடித்துத் தேடிப் போகிறவர்கள், தங்கள் முத்திரையை அந்தக் கொப்பியிலும் அந்த முத்திரையைத் தங்கள் கொப்பியிலும் குத்திவிட்டு, பெட்டியை இருந்தபடியே மூடி வைத்துவிட்டு வரவேண்டும். காசு இல்லை, பரிசு இல்லை, கண்டுபிடித்தாய் என்று தட்டிக்கொடுக்க ஒருவரும் இல்லை. அருள்ராணி அழிறப்பரில் தானே வெட்டிய முத்திரை, இடியப்ப உரலின் அடிப்பக்கம். வட்டத்துக்குள் வட்டமாகத் துளைகள். நோர்வேஜியர்கள் அதைப் பனிப்பூ என்று நினைத்துப் பாராட்டுகிறார்களாம். தபாற்கந்தோரில் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறாய் என்று நான் கேலி செய்வேன்.

வானம் சாம்பல் நிறமாக வெளுத்ததும் புறப்பட்டோம். முன்சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் நான். நகரம் தாண்டுவதற்குள் கண்ணாடி, பிரேக், கியர் எல்லாவற்றையும் பற்றி என் அனுபவத்தை முழுவதும் சொல்லி முடித்துவிட்டேன். மறுபடி தொடங்கும்போது அவள், "இஞ்சாருங்கோ, கதைக்காமல் வாங்கோ" என்றாள்.

சொன்ன சொல் கேட்கிறவன் நான். கதைப்பதை நிறுத்தினேன். பொக்கற்றில் இருந்து செபமாலையை எடுத்தேன். கதைக்க வேண்டாம் என்றுதானே சொன்னாள்.

எங்களுடைய ஆட்கள் நெடுந்தூரம் போனால் காருக்குள் செபமாலை சொல்வது வழமை. சொல்லுவிக்கிறவர் மாதாவுக்கான மங்கள வார்த்தைச் செபம் ஒவ்வொன்றிலும் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்லி முடிப்பார்கள். அன்றைக்கு மற்றவர்கள் என்று இருந்தது ஓட்டுகிறவள் மட்டும்தான். நேர்ப்பாதையில் நான் சும்மா இருந்தேன். வளைவு ஒன்று வந்தால் தொடங்கினேன். எதிரே லொறி வந்தால் குரலை உயர்த்தினேன். அவளுக்கு அது எவ்வளவு தெம்பாக இருக்கும் என்று நினைத்து எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஸ்தோரன் என்ற ஊரில் அவள் திடீரென்று சிக்னல் போட்டுக் காரை ஓரம் கட்டினாள். "இஞ்சை ஒரு பெட்டி இருக்கு." ஆற்றங்கரையில் உட்காரப் போட்டிருந்த வாங்குக்கு அடியில் இருந்ததாம். நான் ஹீட்டரை விட்டு இறங்கவில்லை. மூக்கு சிவக்கத் திரும்பி வந்து, மூச்சை நன்றாக இழுத்து விட்டு, காரை எடுத்தாள். வளைவு வந்தது. நான் தொடங்கினேன். பெர்கோக்கில் இன்னொரு பெட்டி. இந்தத் தடவை விறகு அடுக்குக்குப் பின்னால் போனவளைக் கனநேரம் காணவில்லை. வெளிச்சம் இருக்கும் நேரம் கொஞ்சம், அதற்குள் மலை தாண்ட வேண்டும், இவளுக்குப் பெட்டிப் பைத்தியம் என்று கண்ணாடியோடு புறுபுறுத்துக்கொண்டு இருந்தேன்.

ஒப்டால் தாண்டியதும் மூன்றாவது தடவை. லொறிகள் ஆறுதலுக்கு நிற்கும் இடம், பக்கத்தில் பைன் மரங்கள். அவள் இறங்கி நேரே மரங்களுக்குள் போனாள். அப்போதுதான் பார்த்தேன், முத்திரையும் கொப்பியும் வைக்கும் துணிப்பை சீட்டிலேயே கிடந்தது. பெட்டிக்குப் போகிறவள் முத்திரையை விட்டுவிட்டுப் போகிறாளே, நான் இல்லாவிட்டால் இவள் என்ன செய்வாள் என்று நினைத்துக்கொண்டு, பையோடு இறங்கினேன். மூன்றாவது அடியில் முழங்கால்வரை புதைந்தேன். சப்பாத்துக்குள் பனி போனது.

அருள்ராணி ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"பெட்டி எங்கை?"

"இஞ்சை பெட்டி இல்லை."

"அப்ப என்னத்துக்கு நிப்பாட்டினனீர்?"

அவள் கண்ணைத் திறந்தாள். "வளைவுக்கு வளைவு நீங்கள் தொடங்குறீங்கள். நான் றோட்டையும் பாத்துக்கொண்டு, 'எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்' எண்டு மற்றப் பாதியைச் சொல்லி முடிக்க வேணும். முன்னாலை லொறி, வாயிலை மரணம். எத்தினை தரம் சொல்லிப்போட்டன் தெரியுமே."

"எனக்கு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"செபமாலையை நிப்பாட்டுங்கோ எண்டு எந்த வாயாலை சொல்லுறது? அதுதான் காரை நிப்பாட்டினனான்."

"முந்தி நிப்பாட்டின ரெண்டும்?"

"பெட்டி இருந்தது. ஆனா பெட்டிக்காக நிப்பாட்டேல்லை." கையுறையைக் கழற்றிக் காட்டினாள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கைகள் சிவந்திருந்தன. "என்னாலை ஏலாது போலை கிடக்கு. ஒப்டாலுக்குத் திரும்புவம். காரை அங்கை விட்டிட்டு றொபினுக்குப் போன் அடிப்பம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. மூளையில் துழாவிப் பார்த்தேன். அங்கே இருந்தவை ஆலோசனைகளும் செபங்களும்தான், இரண்டுக்கும் தடை. கால் விரல்கள் விறைத்துக்கொண்டு வந்தன. கடைசியில், "சாப்பிட மாலுபணிஸ் இருக்கு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு முழங்காலுக்குக் கீழே காணாமல் போயிருந்த என் கால்களைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

காருக்குள் இருந்து, மீன் வைத்துச் சுட்ட அந்த மாலுபணிஸைச் சாப்பிட்டுத் தேநீர் குடித்தோம். நான் செபமாலையை எடுத்து, ஸ்வெற்றருக்குக் கீழே சேட்டுப் பொக்கற்றில் வைத்து, அதற்கு மேலே ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்தேன், கை தானாகப் போனாலும் எட்டக்கூடாது என்று. பின்சீட்டுக்குப் போகட்டுமா என்றும் கேட்டேன். "முன்னுக்கே இருங்கோ. சும்மா இருங்கோ" என்றாள். கப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தாள். ஒப்டால் பக்கம் திரும்பவில்லை.

டொவ்ரெ மலையின் அடிவாரத்தில் றோட்டுக்குக் குறுக்கே கதவு போட்டு மறித்திருந்தார்கள். மேலே காற்று. அப்படியான நாட்களில் பனி தள்ளும் வண்டி ஒன்று முன்னே போக, கார்கள் வரிசையாக அதன் பின்னே போகவேண்டும். 'கொலோன' என்பார்கள். அந்த வரிசைக்குள் போனால் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. எனக்கு அது பல தடவை பழகியது. அவளுக்கு இதுவே முதல் தடவை.

மேலே ஏறியதும் றோட்டும் வானமும் ஒன்றாகிவிட்டன. தெரிந்தது முன்னால் போன காரின் சிவப்பு விளக்கு இரண்டு மட்டும். பின்னால் ஒரு பெரிய லொறி. நான் இரண்டு கைகளையும் துடைகளுக்குக் கீழே வைத்து அமர்த்திக்கொண்டு இருந்தேன். கால் மட்டும் என் பேச்சைக் கேட்காமல் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு இருந்தது. வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய வேலை அந்த மலையில் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான்.

ஓர் இடத்தில் பனி சுழன்று அடித்தது. முன்னால் இருந்த சிவப்பு விளக்குகளும் மறைந்துவிட்டன. அருள்ராணி வேகத்தைக் குறைத்தாள். கார் ஒரு பக்கம் மெல்ல இழுத்தது. அவள் அதை நேராக்கினாள். பிறகு, கண்ணை எடுக்காமல், மெல்லிய குரலில் அவளே தொடங்கினாள், முதல் பாதியை.

நான் எதிர்பார்க்கவில்லை. அவள் சொல்லி நிறுத்தினாள். இனி என்னுடைய முறை. வாயைத் திறந்தேன். அந்த இடம் வந்தது. மரணம் என்ற சொல்லுக்கு முன்னால் நின்றுவிட்டேன். இத்தனை வருடங்களாக எல்லோருக்கும் சொல்லுவித்த எனக்கு அப்போதுதான் உறைத்தது, முதல் பாதியில் வாழ்த்து இருக்கிறது, ஆசி இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, மரணம் இல்லை. அது முழுவதும் மறுமொழி சொல்கிறவர்களின் பங்கில் இருக்கிறது. நான் பாதுகாப்பான பாதியில் இருந்துகொண்டு மற்றதை ஓட்டுகிறவளின் மடியில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். அவள் காத்திருந்தாள், பிந்திச் சொல்லும் ஆட்களுக்காக நான் காத்திருப்பது போல. பயந்து பயந்து சொல்லி முடித்தேன்.

"இப்ப விளங்குதோ" என்றாள்.

"ஓம்" என்றேன்.

சிவப்பு விளக்குகள் மறுபடி தெரிந்தன. அவள் இரண்டாவதைத் தொடங்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மலை இறங்கி டொம்போஸ் வந்ததும் மறுபடி சிக்னல் போட்டாள். எனக்குத் திக் என்றது. "நான் ஒண்டும் செய்யேல்லையே."

"இஞ்சை உண்மையாவே பெட்டி இருக்கு. வாறீங்களோ?"

போனேன். கல்லின் மேல் இருந்த பனியை நான்தான் கையால் தள்ளினேன். பெட்டியைத் திறந்து, கொப்பியை விரித்து, முத்திரையை என்னிடம் தந்தாள். வட்டமான முத்திரை, தலைகீழாகக் குத்தவே முடியாது. அப்படியிருந்தும் நான் கையை அசைத்து மையை இழுத்துவிட்டேன். பனிப்பூவும் இல்லை, இடியப்ப உரலும் இல்லை, யாரோ தேநீர்க் கோப்பை வைத்துத் தேய்த்தது போல ஒன்று. அவள் அதற்கு மேலே ஊதிக் காயவைத்து, அப்படியே மூடினாள்.

மிச்ச வழியில் சொல்ல ஒன்றுமில்லை. லில்லஹாமரில் பெற்றோல் அடித்தோம். மின்னெசுந் தாண்டியபோது அவள் றேடியோவைப் போட்டாள். இரவு மோர்டென்ஸ்ருட் கராஜுக்குள் எங்கள் இடத்தில், கோட்டுக்கு உள்ளே, நான் விடுவதைவிட நேராகக் காரை விட்டாள். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி இருந்தாள். நானும் இறங்காமல் இருந்தேன். பிறகு திறப்பை எடுத்துத் தன் கைப்பைக்குள், லைசன்ஸ் இருக்கும் இடத்திலேயே போட்டுக்கொண்டாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. கொஞ்சம் நோகவும் செய்தது.

இப்போதும் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குப் போன் வருகிறது, நாளைக்கு எங்களையும் ஏற்றுவீர்களா என்று. முன்பு என்னைக் கேட்டார்கள். இப்போது அருள்ராணியைக் கேட்கிறார்கள். போனைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஹவுகெட்டோவில் மேரின் அக்காவை ஏற்றினோம். பின்சீட்டில் வசதியாக இருந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "என்ன கிளெமென்ற், செபமாலையைத் தொடங்குமன்" என்றார்.

"இந்தக் காரிலை முதல் பாதி ஓடுற ஆளுக்கு, அக்கா. எங்களுக்கு ரெண்டாவதுதான்" என்றேன்.

மேரின் அக்காவுக்கு விளங்கவில்லை. அருள்ராணி றோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். முன்னால் ஹவுகெட்டோ வளைவு, இரவு பெய்த பனி அதில் இறுகிக் கிடந்தது. அதை மெதுவாகக் கடந்து, நேர்ப்பாதை வந்த பிறகுதான் அவள் தொடங்கினாள்.